மூன்றாம் நம்பர் கதவு

ஆம்ப்ளிஃபயரின் பின்மூடியை முடுக்கி முடிப்பதற்குள் கரேன் உள்ளே வந்துவிட்டாள். கழற்றிய ஃபியூஸை ஒளிக்க வேறு இடம் கிடைக்காமல் லூயிஸ் அதை வாய்க்குள் போட்டுக்கொண்டான்.

சின்னச் சமாசாரம்தான். இரு முனையிலும் உலோகத் தொப்பி போட்ட ஒரு கண்ணாடிக் குழாய். நாக்குக்கு அடியில் பழைய காசைச் சப்புவதுபோலத் துவர்த்தது.

"லூயிஸ் அண்ணே, மூணாம் நம்பர் ரெடியா?"

தலையை மட்டும் ஆட்டினான்.

"ஏன் பேச மாட்டேங்கிறீங்க? பல்லு வலியா?"

அதற்கும் ஆட்டினான். வலது கன்னத்தில் கையை வைத்துக்கொண்டான்.

"இன்னிக்குன்னு பாத்தா வரணும்! சரி லா, பொறுத்துக்கோங்க. ரெண்டே முக்கால் ஆச்சு. நாலு மணிக்கு கே.எல். வேன் வந்துரும். அதுக்கு முன்னாடி தவம் அக்கா வர்றாங்க. நாகப்பன் லோரியில ஏறிட்டேன்னு இப்பதான் கோல் பண்ணாங்க. முதல்ல அவங்க தனியா பாக்கட்டும். அவங்க கதைதானே?"

சொல்லிவிட்டு அவள் அடுத்த அறைக்கு ஓடினாள். காலையிலிருந்து அவள் நடந்ததை யாரும் பார்க்கவில்லை, ஓட்டம்தான். லூயிஸ் வெளியே வந்து, லைன் வீடுகளின் முன்னால் சரிந்து இறங்கும் தேயிலைச் செடிகளைப் பார்த்தபடி நின்று, ஃபியூஸைத் துப்பினான். அது எந்தச் செடிக்குள் விழுந்ததென்று அவனுக்கே தெரியவில்லை. இனி வேறு ஃபியூஸ் வேண்டுமானால் பிரிஞ்சாங் டவுன்தான். போய்வர ஒரு மணி நேரம். அதற்குள் தவமலர் வந்து, பார்த்து, அழுது, திரும்பிப் போயிருப்பாள். அந்தக் குரலைக் கேட்டிருக்கமாட்டாள்.

அவ்வளவுதான் வேண்டும் அவனுக்கு. நாலு மணி வேனில் வருகிற பத்திரிகைக்காரர்களும் கோலாலம்பூர்ப் பெரிய மனிதர்களும் ஆயிரம் தடவை கேட்கட்டும். அந்த ஒருத்தியின் காதில் மட்டும் அவன் குரல் விழக்கூடாது.

இடிக்கப் போகிற தொழிலாளர் லைன் அது. ஆறு வீடுகள். கடைசிக் குடும்பம் காலி செய்து இரண்டு வருடம் ஆகிறது. இடிப்பதற்கு முன்னால் மூன்று மாதம் கொடுங்கள் என்று மேனேஜரிடம் கெஞ்சி வாங்கியிருந்தாள் கரேன். அவள் பிறந்தது நாலாம் நம்பர் வீட்டில். அப்பா ஞானசுந்தரம் இதே எஸ்டேட்டில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் கோலாலம்பூரில் ஓவியம் படித்து, பிறகு வீடியோ, சத்தம், வெளிச்சம் என்று எதையெதையோ கலந்து ஏதோ செய்கிறாள் என்பதுவரை அவருக்குத் தெரியும். அது ஏன் வன்னிப் போராக இருக்கவேண்டும் என்பதுதான் அவருக்குப் புரியவில்லை. "நீ அங்க போனதே இல்ல. ஒரு குண்டு சத்தம் கேட்டதில்ல. கிறிஸ்மஸ் பட்டாசுக்கே காதப் பொத்துவ" என்று வாரத்துக்கு ஒரு தடவை சொல்வார். "அதனாலதான்பா செய்றேன்" என்பாள் அவள்.

ஆனால் செய்ததில் குறை சொல்ல முடியாது. முதலாம் நம்பர் வீடு முழுக்க, சேலையைக் கிழித்துத் தைத்த மண்மூட்டைகள். வன்னியில் பங்கருக்கு அப்படித்தான் அடுக்கினார்கள். சாக்கு தீர்ந்த பிறகு கலியாணக் கூறைச்சேலைகூட மண்மூட்டை ஆனது. அந்த மூட்டைகளின் மேல் முகங்கள் படமாக விழுந்து விழுந்து மறைந்தன. இரண்டாம் நம்பரில் கூரையிலிருந்து எழுபது பழைய கைபேசிகள் தொங்கின. ஒவ்வொன்றும் போரில் காணாமல் போன ஒருவர் பெயரைக் கிசுகிசுத்தது. முதல் நாள் வயரிங் செய்து முடித்தபோது, அவற்றில் தனக்குத் தெரிந்த பெயர்கள் ஒன்பது என்று லூயிஸ் எண்ணினான். கரேனிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நம்பரில் ஒன்றுமே இல்லை. இருட்டு அறை, ஒரு பாய், ஒரு கதவு. அறைக்கும் பின்கட்டு அடுப்படிக்கும் நடுவில் இருக்கிற பலகைக் கதவு. பார்க்க வருகிறவர் பாயில் உட்காரவேண்டும். கதவின் மேல் மழை, படமாகப் பெய்யும். மழைக்கு நடுவில், தவமலர் கொடுத்த புகைப்படத்திலிருந்து அவள் மூத்த மகள் புவனேஸின் முகம் ஒரு நொடி வந்து போகும். அப்புறம் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து மூன்று தட்டு. அப்புறம் ஓர் ஆணின் குரல். கொக்கி பார்வையாளர் பக்கம். திறக்கலாம், திறக்காமல் எழுந்தும் போகலாம். ஒருத்தரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

அந்த ஆணின் குரல் லூயிஸுடையது.

அவன் இந்த மலைக்கு வந்து பத்து வருடம். மன்னாரில் பிறந்தவன், யு.என். அகதிக் கார்டில் மீனவன் என்று இருக்கிறது. திரிங்காப்பில் முட்டைக்கோசு ஏற்றினான், பூத்தோட்டத்துப் பிளாஸ்டிக் கூரைக்குக் கம்பி கட்டினான், வயரிங் கற்றுக்கொண்டான். முதல் இரண்டு வருடத்திலேயே 'எண்டு' போய் 'ன்னு' வந்துவிட்டது, 'கோவா' போய் முட்டைக்கோசு வந்துவிட்டது. வாக்கியத்தின் வாலில் 'லா' தானாக முளைத்தது. எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவன் என்று புது ஆட்கள் நினைத்தால் அவன் திருத்துவதில்லை. கரேன் ஒருத்திதான் வேலைக்குச் சேர்த்த அன்றே அட்டையைப் பார்த்துவிட்டு, "அண்ணே, உங்க ஊர்த் தமிழ்ல கொஞ்சம் பேசுங்களேன்" என்று பிடித்துக்கொண்டாள். மறந்துவிட்டது என்றான். அவள் விடவில்லை. மூன்று தடவை மறுத்தான். நாலாம் தடவை, "உங்க குரல்தான் வேணும், வேற யாரும் வேணாம்" என்று ஒரு தாளை நீட்டினாள். தவமலர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தாள்.

அதை வாசித்தபோதுதான் அது எந்த வீடு என்று லூயிஸுக்குத் தெரிந்தது.

குளக்கட்டுக்குக் கீழே ஒரு வீடு. முற்றத்தில் கொய்யா மரம். மார்கழி மாத மழை. இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒராள் என்று வந்து நின்றார்கள். மூத்தவளைக் கூட்டிப்போனார்கள். போகும்போது அவள் அழவில்லை. "கோழிக்கூட்டைச் சாத்திப்போட்டு வாறன்" என்று மட்டும் சொன்னாள். நாற்பது நாளில் பெட்டி வந்தது. திறக்கவேண்டாம் என்றார்கள்.

ஆள் பிடிக்க எத்தனையோ வாசல்களுக்குப் போயிருந்தான். பெரும்பாலும் முகங்கள் நினைவில் இல்லை; நினைவில் வைத்துக்கொண்டால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. ஆனால் கோழிக்கூட்டைச் சாத்திவிட்டு வருகிறேன் என்று சொன்னவள் ஒருத்திதான். மழையில் குனிந்து, கூட்டுக் கதவுக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்தபடி வந்து அவனுடைய ட்ராக்டரில் ஏறினாள்.

அவனுக்கு அப்போது இருபத்து நாலு வயது. இயக்கத்தில் அவனுக்கு வேறு பெயர். கலியாணம் ஆனவர்களை விட்டுவிடவேண்டும் என்று சட்டம் இருந்ததால், அந்த வருடம் வன்னியில் பதினாறு வயதுப் பிள்ளைகளின் கழுத்திலெல்லாம் திடீர் திடீரென்று தாலி ஏறியது. எது உண்மை, எது பொய் என்று பார்ப்பது அவன் வேலை. பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த வழி சுலபமானது. கயிற்றைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்து ஒரு தேய். நேற்றுக் கட்டிய கயிறென்றால் விரலில் மஞ்சள் ஒட்டும். ஒட்டினால் பொய்த்தாலி. அந்த மாதங்களில் அவன் பெருவிரல் மஞ்சளாகவே இருந்தது. சோற்றைப் பிசைந்தால் சோறும் மஞ்சளானது.

அந்த வீட்டில் ஒட்டவில்லை. இரண்டு பெண்கள், இளையவள் கழுத்தில் தாலி இருந்தது. மூத்தவள் இருக்க இளையவளுக்கா என்று கேட்டான். "அவள் விரும்பிக் கட்டினவள்" என்றாள் தாய், குளிருக்கு முந்தானையைக் கழுத்தோடு இழுத்துப் போர்த்தியபடி. அவன் கயிற்றைத் தேய்த்துப் பார்த்தான். கறுத்து, எண்ணெய் ஏறி, நூல் பிரிந்த கயிறு. விரல் சுத்தமாக வந்தது. நியாயப்படி நடந்துகொண்டோம் என்று அன்றைக்கு அவனுக்கு ஒரு திருப்திகூட இருந்தது. இளையவளை விட்டான். மூத்தவளைக் கூட்டிப் போனான்.

இதை யாரிடம் சொல்வது? மறுபடியும் மறுத்தால் கரேன் ஏன் என்று கேட்பாள். "அக்கா வரமாட்டாங்களாம் அண்ணே. சொன்னதையே திரும்பி வந்து பாக்கவான்னு கேக்குறாங்க. சின்ன மகள் கனடாவுல இருக்காங்களாம், அவங்களும் பேசுறதில்லையாம். பாவம் லா" என்று அவள் சொன்னபோது, அந்த ஒரு துரும்பைப் பிடித்துக்கொண்டு சரி என்றான். கரேனின் காரில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, கைபேசியை வாயருகே பிடித்துச் சொன்னான்:

"அம்மா, கதவைத் திறவுங்கோ. பயப்பிடாதைங்கோ. வீட்டுக்கு ஒராள்."

ஒரே தடவைதான். கரேன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நடிச்ச மாதிரியே இல்லண்ணே" என்றாள்.

இப்போது வரமாட்டேன் என்றவள் வந்துகொண்டிருக்கிறாள்.

ஃபியூஸ் போய்விட்டது, இருந்தாலும் இங்கே நிற்பானேன் என்று தோன்றியது. மோட்டார் சைக்கிளை எடுத்தான். முன்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, தேநீர்ப் பிளாஸ்க்கும் காகிதக் கோப்பைகளுமாக உட்கார்ந்திருந்தார் ஞானசுந்தரம்.

"எங்கடா கெளம்பிட்ட?"

"பல் வலிங்க ஐயா. கிளினிக்."

"எந்தக் கிளினிக்? ரிங்லெட் பக்கம் காலையிலயே மண்ணு சரிஞ்சு ஒரு லைன்தான் விடுறான். மேல போனியா, கம்போங் ராஜாவுல இமிகிரேஷன்காரன் ரோட் பிளாக் போட்டு நிக்கிறான். நசுருதீன் கடையில வேலை செய்ற ரெண்டு பேரை அள்ளிட்டுப் போயிட்டானாம். ஒன் கார்டைக் காட்டுனா சலாம் போட்டு அனுப்புவான்னு நெனச்சியா? ஸ்டேஷன்ல குந்த வச்சிருவான். பேசாம ஒக்காரு. கிராம்பு கடிச்சுக்க."

கிராம்பை எங்கிருந்தோ எடுத்தும் கொடுத்துவிட்டார். இல்லாத வலிக்கு அவன் அதைக் கடிக்கவேண்டி வந்தது. கீழே சாலை, மேலே சாலை, இரண்டுக்கும் நடுவில் பனி. பத்து வருடமாக இந்த மலைதான் அவனுக்கு அரண். இன்று மதியம் மூன்று மணிக்கு அதுவே ஒரு மூடிய டப்பாபோல இருந்தது.

"அப்பா! லூயிஸ் அண்ணனைப் பாத்தீங்களா?" கரேனின் குரல் உள்ளிருந்து அலறியது. "மூணாம் நம்பர்ல சத்தமே வரல!"

போனான். அவள் வயரை ஆட்டினாள், லேப்டாப்பைத் தட்டினாள், மூடியைக் கழற்றினாள். ஃபியூஸ் இருக்கவேண்டிய இடம் பல்லுப் போன ஈறு மாதிரி இருந்தது. அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"ஃபியூஸ் எங்கண்ணே?"

"புகைஞ்சு போச்சு. எடுத்துப் போட்டுட்டேன். டவுன்ல வாங்கணும் லா." கிராம்பு வாயில் எரிந்தது. "இன்னிக்கு மூணாம் நம்பர் வேணாம். படம் மட்டும் ஓடட்டும். மழை போதும்."

"குரல் இல்லன்னா அது வெறும் மழைண்ணே. இந்த வீடுதான் எல்லாமே." கரேன் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். வேலையில் ஏதாவது உடைந்தால் அவள் அழுவதில்லை. அதைவிட நல்லதாக வேறொன்று செய்துவிடுவாள். இரண்டு மாதம் கூட இருந்தும் அந்தக் குணத்தை லூயிஸ் கணக்கில் எடுக்க மறந்துவிட்டான். அவள் முகம் மெல்ல மலர்ந்தது.

"நீங்களே பேசுங்க."

"என்ன?"

"அடுப்படியில நின்னு நீங்களே தட்டுங்க, நீங்களே பேசுங்க. ஸ்பீக்கரை விட நூறு மடங்கு! ஏன் எனக்கு இது முதல்லயே தோணல?"

"எனக்குப் பல்லு…"

"மூணே வரி! வாங்கண்ணே, ப்ளீஸ். லோரி சத்தம் கேக்குது."

கேட்டது. மலையேறும் லோரியின் முக்கல், வளைவுக்கு வளைவு நெருங்கி வந்தது. கரேன் அவன் முதுகில் இரண்டு கையையும் வைத்து அடுப்படிக்குள் தள்ளி, கதவைச் சாத்தி, அந்தப் பக்கத்திலிருந்து கொக்கியைப் போட்டாள்.

எட்டடிக்கு ஆறடி. மூன்று தலைமுறைப் புகை ஏறிய சுவர். மூலையில் இடிந்த அடுப்பு. பின்வாசலை வெளிச்சம் வராமல் ஜிங்க் தகடு வைத்து ஆணி அடித்திருந்தது. போன வாரம் அவனே அடித்தான், பதினாறு ஆணி. ஜன்னலுக்கும் தகடு. அதற்கும் எட்டு. தன் கையாலேயே எத்தனை பக்கம் அடைத்திருக்கிறோம் என்று அவன் இருட்டில் நின்று எண்ணிப்பார்த்தான். இதே மாதிரிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றவன்தான். அப்போது பின்னால் ட்ராக்டர் இருந்தது, கூட நாலு பேர் இருந்தார்கள், வானம் இருந்தது. உள்ளே இருந்தவர்கள்தான் எந்தப் பக்கமும் போக முடியாமல் நின்றார்கள்.

கதவுப் பலகையில் கண் போல ஒரு துளை விழுந்திருந்தது, அரைக்காசு அளவு. அதில் கண்ணை வைத்தான்.

தவமலர் வந்தாள். லோரியில் வந்த களைப்பு. கால் செருப்பில் சேறு. காய்கறி தரம்பிரிக்கும் கொட்டகையிலிருந்து நேரே வந்திருக்கவேண்டும். கைவிரல்களில் முட்டைக்கோசுக் கறை. கழுத்தைச் சுற்றி ஒரு கம்பளித் துண்டு, இந்த ஊர்க் குளிருக்கு எல்லாரும் சுற்றுவதுபோல. இவளா அவள்? திரிங்காப்பில் இரண்டு மூன்று தடவை தூரத்தில் பார்த்திருக்கிறான். ஏதோ ஒரு ஊர்க்கார அம்மா என்று ஒதுங்கிப் போயிருக்கிறான். அந்த முகத்துக்கும் கொய்யா மர வீட்டுக்கும் அவனால் இன்னும் முடிச்சுப் போட முடியவில்லை.

"அக்கா, இங்க உக்காருங்க. முடியலன்னா எழுந்து வந்துருங்க. கதவத் தொறக்கணும்னு இல்ல."

"நீங்கள் போங்கோ பிள்ளை. நான் இருக்கிறன். ஒருத்தரையும் உள்ள விடாதைங்கோ."

கரேன் போனாள். முன்கதவு சாத்தப்பட்டது. படம் ஓடத் தொடங்கியதும் பலகைக் கண் வழியாக ஒளி அவன் முகத்தில் குத்தியது. இனி எதையும் பார்க்க முடியாது. கதவின் அடியில் இருந்த இடுக்கில் மட்டும் மழையின் வெளிச்சம் நடுங்கியது. புவனேஸின் முகம் இப்போது கதவின் அந்தப் பக்கம் வந்து போயிருக்கும். அவன் நெற்றியிலிருந்து ஒரு அங்குலப் பலகைக்கு அப்பால்.

தட்டவேண்டிய நேரம்.

தட்டாமல் இருந்துவிடலாம். கரேன் வந்து திட்டுவாள், வேன் வந்துவிடும், எல்லாம் கலைந்துவிடும். ஆனால் கை எழுந்தது. எத்தனையோ வாசலில் பழகிய கை. மூன்று தடவை தட்டிவிட்டது.

சரி, குரலையாவது மாற்றலாம். தொண்டையை அடைத்துக்கொண்டு, பத்து வருடம் பழகிய தமிழில் சொன்னான்:

"அம்மா, கதவத் தொறங்க. பயப்படாதீங்க. வீட்டுக்கு ஒரு ஆளு."

உள்ளே மூக்கால் விட்ட ஒரு மூச்சு. சிரிப்பு என்றுகூடச் சொல்லலாம்.

"ஆர் அது? ஞானசுந்தரம் ஐயாவோ?"

அவன் கதவிலிருந்து ஓரடி பின்வாங்கினான்.

"நடிக்காதையும் செந்நிலவன். உம்மட குரலிலயே கதையும்."

பதினாறு வருடமாக ஒரு வாயும் சொல்லாத பெயர். லூயிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டான். புகைக்கரி உள்ளங்கையில் வழவழத்தது. தாடைக்குள் கிராம்பு இரண்டாக உடைந்தது.

"எப்பயில இருந்து தெரியும்?" பழைய தமிழ் தானாக வந்தது.

"போன மாசி. திரிங்காப்பில கோவாப் பெட்டி உம்மட காலில விழுந்தது. நகம் பேந்து, 'ஐயோ அம்மா' எண்டு கத்தினீர். நோவில கத்தேக்க ஒருத்தனும் மலேசியாத் தமிழில கத்துறேல்லை." பாய் சரசரத்தது, அவள் கதவை நோக்கி நகர்ந்திருக்கவேண்டும். "அந்தக் குரல் எனக்கு மறக்குமோ? நாலஞ்சு நாள் வேலைக்குப் போகேல்லை. பிறகு யோசிச்சன். இந்தப் பிள்ளை வந்து கதை கேட்டுது. நான்தான் சொன்னன், லூயிஸின்ரை குரல் எண்டாச் சரியா இருக்கும், ஆனா நான் சொன்னதெண்டு சொல்லாதைங்கோ, வரமாட்டன் எண்டு சொல்லுங்கோ எண்டு."

ஆக, அவன் துப்பிய ஃபியூஸ், கடித்த கிராம்பு, திருப்பிய மோட்டார், எல்லாம் வீண். இரண்டு மாதமாக அவன் தன்னைச் சுற்றித் தானே ஆணி அடித்துக்கொண்டிருந்திருக்கிறான். அவள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"என்ன செய்யப் போறீங்கள் அம்மா?" என்றான். "யு.என்.னுக்குச் சொல்லுங்கோ. இந்தச் சனத்துக்கு முன்னால சொல்லுங்கோ. கொக்கியைத் திறந்துபோட்டு அடியுங்கோ. நான் கை தூக்கமாட்டன்."

"உம்மை அடிச்சு எனக்கென்ன வரும்? பதினேழு வயசில உம்மையும் ஆரோ ஒருத்தன் வந்து கூட்டிக்கொண்டுதானே போயிருப்பான்."

அது உண்மை. அதை இதுவரை அவனிடம் யாரும் கேட்டதில்லை.

வெளியே, தூரத்தில், சொன்ன நேரத்துக்கு முன்பே ஒரு வேனின் ஹாரன் வளைவில் கேட்டது. ஞானசுந்தரம் யாரையோ வரவேற்கத் தொண்டையைச் செருமிக்கொண்டார். கதவிடுக்கில் மழை வெளிச்சம் நின்று, இருட்டாகி, மறுபடி முதலிலிருந்து பெய்யத் தொடங்கியது. அந்த வெளிச்சத்தில் அவள் பாதங்கள் இரண்டும் தெரிந்தன, கதவுக்கு மிக அருகில். பாதங்களுக்குப் பக்கத்தில் கம்பளித் துண்டு வந்து விழுந்தது. கழுத்திலிருந்து அவிழ்த்திருக்கிறாள்.

"இந்தப் பிள்ளையிட்ட நான் முழுக்கச் சொல்லேல்லை தம்பி. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அண்டைக்கு அந்த வீட்டில நிண்டு, இண்டைக்கு என்னோட கதைக்கிறதெண்டு இருக்கிறது நீர் மட்டும்தான். சின்னவள் கதைக்கிறேல்லை. உமக்குத்தான் சொல்ல ஏலும். சொல்லும், அண்டைக்குச் சின்னவளின்ரை கயித்தைப் பிடிச்சுத் தேய்ச்சீரே. கையில மஞ்சள் ஒட்டினதோ?"

"இல்லை அம்மா."

"ஒட்டாது."

கொக்கியில் அவள் கை பட்டது. இரும்பு ஒரு தடவை கிளுக்கென்றது. திறக்கவில்லை.

"என்ரை கழுத்தை நீர் பாக்கேல்லை. முந்தானையால மூடியிருந்தன். அது என்ரை தாலி, தம்பி. தாலிக்கொடியை வித்துத் திண்டாச்சு. கயித்தில கோத்து, மாத்த வழியில்லாமல் ரெண்டு வருசமாக் கிடந்தது. நீங்கள் வாறியள் எண்டு நாய் குலைச்ச உடனை கழட்டினன். மனுசன் ஆஸ்பத்திரியில உயிரோட கிடக்கேக்க கழட்டினன். புதுக்கயிறு உங்கட கையில ஒட்டும் எண்டு ஊருக்கே தெரியும். பழசு வீட்டில அது ஒண்டுதான்."

வேனின் கதவுகள் திறந்து மூடும் சத்தம். கரேன் யாரையோ ஆங்கிலத்தில் வரவேற்றுக்கொண்டிருந்தாள். லூயிஸ் தன் பெருவிரலைப் பார்த்தான். இருட்டில் அது எந்த நிறம் என்று தெரியவில்லை.

"நான் கயித்தைக் கையில வைச்சுக்கொண்டு நிக்கிறன்," என்றாள் தவமலர். "பிள்ளையள் ரெண்டு பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நிண்டவை."